லயத்துக் காம்பராவுக்கு வாடகை எவ்வளவு?

(ஹட்டனில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வீட்டுச் சொந்தக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் இடையிலான சட்டம் இந்த நாட்டில் எப்படி மாறி வந்திருக்கிறது என்று பேசச் சொன்னார்கள். ஹட்டனில் பேச வேண்டும் என்றதும் எனக்கு ஒரு விண்ணப்பப் படிவம் நினைவுக்கு வந்தது.

நான் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்த வருடம் உதவிப்பணம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. படிவத்தின் நடுவில் ஒரு வரி: ‘வசிக்கும் வீடு – சொந்தம் / வாடகை. பொருத்தமற்றதை வெட்டிவிடுக.’ அப்பா மண்ணெண்ணெய் விளக்கடியில் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுப்படியிலிருந்து அம்மாதான் பேசினார்: “சொந்தமுன்னு போட்டா தொர சிரிப்பாரு. வாடகையின்னு போட்டா சீட்டு கேப்பாங்க.” அப்பா இரண்டையும் வெட்டினார். மறுவாரம் படிவம் திரும்பி வந்தது. அந்த வரிக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

இன்று நான் பேசப் போவது அந்தக் கேள்விக்குறியைப் பற்றித்தான்.

நகரத்துக் கதையை முதலில் முடித்துவிடுவோம். அது சுருக்கமானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொழும்பில் வீடு கிடைப்பது குதிரைக் கொம்பானது. வாடகையைக் கண்டபடி ஏற்றாதிருக்க 1942 இல் 60 ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. சுதந்திரத்தின் பின் 1948 இல் 29 ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. 1972 இன் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் இரண்டையும்விட வலுவானது. வாடகைக்கு உச்ச அளவு உண்டு, சட்டத்தில் சொன்ன காரணம் இல்லாமல் எழுப்ப முடியாது, வாடகைக்காரர் இறந்தால் அவரோடு குடியிருந்த குடும்பம் தொடர்ந்து இருக்கலாம், பிணக்கு வந்தால் வாடகைச் சபை இருக்கிறது. அடுத்த வருடமே, 1973 இன் 1 ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், அளவுக்கு மேல் வீடு வைத்திருந்தவர்களின் மேலதிக வீடுகளை எடுத்து, அவற்றில் குடியிருந்தவர்களே வாங்கிக்கொள்ள வழி செய்தது. கொழும்பில் இன்று பலர் சொந்த வீடு என்று சொல்லும் வீட்டின் தொடக்கம் அந்தச் சட்டம்தான்.

மறுபக்கமும் உண்டு. வீட்டை வாடகைக்கு விட்ட விதவைகளும் ஓய்வூதியக்காரர்களும் தங்கள் வீட்டுக்குத் தாங்களே திரும்ப முடியாமல் நீதிமன்றத்தில் முடி நரைத்துப்போன வழக்குகளை நான் கண்ணால் கண்டவன். வாடகைப் பணத்தை வாங்கப் போய்வரும் பஸ் செலவுக்கே அது காணாது. அதனால் பலர் வீட்டைப் பூட்டி வைத்தார்கள், வாடகைக்கு விடவில்லை. 1980 இன் திருத்தம், அந்த வருடம் ஜனவரி 1 ஆம் திகதிக்குப் பின் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளைச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. 2023 இன் 1 ஆம் இலக்கச் சட்டம் இன்னும் ஒரு படி போய், குத்தகைக்குக் கொடுத்த இடத்தைக் காலம் முடிந்தபின் விரைவாக மீட்டுக்கொள்ள உரிமையாளருக்கு வழி திறந்திருக்கிறது. எண்பது வருடத்தில் தராசு முதலில் வாடகைக்காரர் பக்கம் தாழ்ந்தது, பிறகு மெல்லச் சொந்தக்காரர் பக்கம் திரும்பியது. ஹட்டன் நகரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஆசிரியைகள் பலர் இங்கே வந்திருக்கிறீர்கள். முற்பணம் கொடுத்ததற்கு ஒரு துண்டுக் கடதாசியாவது கையில் இருக்கிறதா என்று இன்றிரவு பாருங்கள். அதற்கு மேல் நகரத்தைப் பற்றி இன்று பேசப் போவதில்லை.

ஏனென்றால் அந்தத் தராசின் எந்தத் தட்டிலும் தோட்டத்து மக்களாகிய நாம் ஏறவில்லை.

ஒருவர் வாடகைக்காரரா என்று பார்க்கச் சட்டம் சில அடையாளங்களைத் தேடும். வாடகை கொடுக்கிறாரா? எவ்வளவு காலத்துக்கு என்று பேச்சு உண்டா? கதவைச் சாத்திக்கொண்டு ‘இது என் இடம்’ என்று பிறரை வெளியே நிறுத்தும் உரிமை அவருக்கு உண்டா? இந்த மூன்றையும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. வாடகை இல்லை, இலவசம் என்கிறார்கள். எந்தக் கம்பனி நூறு வருடம் இலவசமாக வீடு கொடுத்தது? விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் பேர் கொடுத்தால்தான் காம்பரா. வாடகையை மாத முடிவில் பணமாகக் கொடுக்கவில்லை, நாள்தோறும் உடம்பால் கொடுத்தோம். ஆனால் அப்படிக் கொடுத்ததற்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாததால் சட்டத்தின் கண்ணில் அது வாடகையும் இல்லை. வேலைக்காரர் வேலையின் நிமித்தம் முதலாளியின் அனுமதியில் தங்கியிருக்கிறார், அவ்வளவுதான். வேலை போனால் அனுமதியும் போகும். 1972 இன் வாடகைச் சட்டம் நகரத்தில் கதவுக்குக் கதவு தட்டியபோது லயத்துக் கதவைத் தட்டாமல் போனதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது அடையாளம் இன்னும் வேடிக்கையானது. வீட்டுக்கு யார் வரலாம் என்று வீட்டுக்காரர் தீர்மானிப்பார். லயத்துக்கு யார் வரலாம் என்று தோட்டத்தை நடத்திய துரை தீர்மானித்தார். முழுத் தோட்டமும் தனியார் நிலம் என்பதால் வெளியிலிருந்து வந்தவர் அத்துமீறியவர். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் தொழிலாளரைச் சந்திக்கப் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் போனார் என்ற கதை நமக்குத் தெரியும். அதை வீரக் கதையாகவே சொல்லிச் சொல்லி வளர்ந்துவிட்டோம். சட்டம் படித்தபின் அதே கதையில் வேறொன்று தெரிந்தது. ஒரு மனிதர் தன் வீட்டுக்கு வரும் விருந்தாளியை வேடம் போட்டு வரச் சொல்ல வேண்டியிருந்தால் அது அவர் வீடா? தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்துக்குள் வரலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது 1970 இல்தான். அதற்கென்றே 25 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆரம்பத்தில் பிரச்சினை தலைகீழாக இருந்ததையும் சொல்ல வேண்டும். 1865 இன் 11 ஆம் இலக்க வேலை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போனால் சிறை. கடனைக் குறித்துக் கொடுத்த ‘துண்டு’ இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் சேரவும் முடியாது. நம் ஆட்களின் பேரில் எழுதப்பட்ட முதல் கடதாசி காணி உறுதியல்ல, கடன் சீட்டு. துண்டு முறை 1921 இல் ஒழிந்தது. அதுவரை லயத்தை விட்டுப் போவது குற்றம். கால் நூற்றாண்டு கழித்து லயத்திலேயே இருப்பது குற்றமாயிற்று. அந்த வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

கேகாலை மாவட்டத்தில் உந்துகொடைப் பக்கம் நேவ்ஸ்மயர் என்று ஒரு தோட்டம். 1946 இல் கிராம விஸ்தரிப்புக்காக அரசு அதை எடுத்தது. அப்போது விவசாய, காணி அமைச்சர் டி. எஸ். சேனாநாயக்க. லயங்களில் இருந்தவர்களுக்கு வெளியேறும்படி அறிவித்தல் போனது. அவர்கள் போகவில்லை. எங்கே போவார்கள்? பிறந்ததும் அங்கே, பெற்றோரைப் புதைத்ததும் அங்கே. அத்துமீறல் என்று குற்றவியல் வழக்குப் போட்டார்கள். இலங்கை இந்திய காங்கிரஸ் அழைக்க, மற்றத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. வழக்கு ஏறி ஏறி, உயர் நீதிமன்றத்தில் தோற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. செல்வநாயகம் எதிர் மன்னர் என்று சட்ட அறிக்கைகளில் இருக்கும் வழக்கு அதுதான்.

பிரிவி கவுன்சில் 1950 இல் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். தனக்கு உரிமை இருக்கிறது என்று மனதார நம்பி ஒருவர் ஓரிடத்தில் நிற்கிறார் என்றால், அந்த நம்பிக்கை சட்டப்படி பிழையாகவே இருக்கலாம், அதனால் இன்னொருவருக்கு எரிச்சல் வரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கலாம், ஆனாலும் அது மட்டுமே அவரைக் குற்றவாளி ஆக்காது. எரிச்சலூட்டுவதே அவர் நோக்கமாக இருந்தால்தான் குற்றம். அதாவது, தொழிலாளி செல்வநாயகம் துரையைச் சீண்டுவதற்காக அங்கே இருக்கவில்லை. போக்கிடம் இல்லாமல் தன் வீட்டில் இருந்தார்.

இன்றைக்கும் இலங்கையில் குற்றவியல் அத்துமீறல் வழக்கில் பேசும் சட்டத்தரணி எவரும் இந்தத் தீர்ப்பைத் தொடாமல் போவதில்லை. கொழும்பு ஏழில் மாளிகைக்காக வாதாடுபவரும் ஒரு தோட்டத் தொழிலாளி வாங்கிக் கொடுத்த தீர்ப்பைத்தான் கையில் பிடித்திருக்கிறார். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் தீர்ப்பு எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ‘நீ குற்றவாளி அல்ல’ என்றது. ‘இது உன் வீடு’ என்று சொல்லவில்லை. சிறைக்குப் போகாமல் காப்பாற்றும் தீர்ப்பு, குடியிருக்கும் உரிமையைக் கொடுக்கும் தீர்ப்பு ஆகாது.

இந்த வழக்கு நீதிமன்றங்களில் ஏறிக்கொண்டிருந்த காலத்தில்தான் 1948 வந்தது. அந்த வருடத்துச் சட்டப் புத்தகத்தை எடுத்தால் ஒரே அட்டைக்குள் இரண்டு சட்டங்கள் இருக்கும். 18 ஆம் இலக்கம் பிரஜாவுரிமைச் சட்டம், 29 ஆம் இலக்கம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஒரே பாராளுமன்றம், ஒரே வருடம். நகரத்தில் வாடகைக்கு இருந்தவரை வீட்டை விட்டு எழுப்பாதே என்றார்கள். மலையில் மூன்று தலைமுறை இருந்தவரை நாட்டுக்கே அந்நியர் என்றார்கள். 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை பின்னர் எழுதிய நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பேர் வைத்தார். சும்மா வைத்த பேரல்ல.

1971 இல் நமக்கென்று ஒரு சட்டம் வந்தது. தோட்டக் குடியிருப்புகள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம், 2 ஆம் இலக்கம். வேலை போனாலும் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் காம்பராவை விட்டு எழுப்ப முடியாது என்றது. சிறியதுதான், ஆனாலும் பெரிய மாற்றம். அதற்கு முன் வேலைநீக்கச் சீட்டான பற்றுச்சீட்டைக் கொடுத்துவிட்டால் சட்டி பானையைத் தூக்கி இஸ்தோப்பில் வைப்பார்கள், கூரைத் தகரத்தைக் கழற்றுவார்கள். அதைக் கண்ட முதியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கலாம். இந்தச் சட்டத்தைப் பற்றி நான் தோட்டங்களில் கேட்டால் பத்தில் ஒருவருக்கும் தெரிவதில்லை. தெரியாத உரிமை உறையில் கிடக்கும் கத்தி மாதிரி.

பிறகு முதலாளி மாறினார். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசிடம் போயின. தனியார் துரை போனார், அரசே துரையானது. பல இடங்களில் காணியைப் பிரித்துக் கொடுத்தார்கள். யாருக்கு? லயத்தில் இருந்தவருக்கு அல்ல. 1977 மே மாதம் ஏழாயிரம் ஏக்கர் சுவீகரிப்பை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். காணி கேட்டு அல்ல, இருக்கிற இடத்திலிருந்து எழுப்பாதே என்று கேட்டு இறந்தவர் அவர்.

1979 இல் அரச காணிகள் (உடைமை மீட்பு) சட்டம், 7 ஆம் இலக்கம், வந்தது. அரச காணியிலிருந்து வெளியேறச் சொன்னால், குடியிருப்பவர் நீதவான் முன் காட்டக்கூடிய ஒரே ஆயுதம் அரசு எழுத்தில் கொடுத்த அனுமதி. எத்தனை தலைமுறை இருந்தேன், எவ்வளவு உழைத்தேன் என்ற கதையெல்லாம் அங்கே எடுபடாது. தோட்டங்கள் அரச காணி ஆனபின் இந்தச் சட்டத்தின் நிழல் லயத்தின் மேலும் விழுந்தது.

சிலர் கேட்பார்கள்: பத்து வருடம் ஒரு காணியில் இருந்தால் அது சொந்தமாகும் என்று சொல்கிறார்களே? 1871 இன் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படி ஒரு வழி வைத்திருப்பது உண்மை. ஆனால் அது சொந்தக்காரரை மறுத்து, எதிர்த்து இருப்பவருக்கு. அனுமதியோடு இருப்பவருக்கு அல்ல. அரசுக்கு எதிராகவும் அது ஓடாது. பக்கத்து ஊரில் வேலியை நகர்த்தி வைத்தவருக்குப் பத்து வருடத்தில் காணி கிடைக்கலாம். துரையிடம் கேட்டுக் குசினியை நீட்டிக் கட்டிய நமக்கு நூற்றைம்பது வருடத்திலும் கிடைக்காது. பணிவுக்குச் சட்டத்தில் விலை இல்லை.

இனி 1992 க்கு வருவோம். என் கணக்கில் மலையகத்தின் மிக முக்கியமான குத்தகை அதுதான், ஆனால் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் அதுதான். அரச தோட்டங்களின் நிர்வாகத்தை 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். காணி அரசுடையது, கம்பனி குத்தகைக்காரர். குத்தகை 53 வருடம். ஆரம்பத்தில் ஒரு தோட்டத்துக்கு வருடத்துக்கு 500 ரூபாய் என்ற பெயரளவுக் குத்தகைப் பணம். கம்பனிகளின் ஆண்டறிக்கைகளில் அச்சிலேயே இருக்கிறது, தேடிப் பார்க்கலாம். ஒரு முழுத் தோட்டம், மலை, ஆறு, ஃபெக்டரி, பங்களா, லயம், கோயில், மயானம் எல்லாம் சேர்த்து 500 ரூபாய்.

அந்த ஐந்நூறு ரூபாய் எனக்குப் பெரிய விஷயமில்லை. அதைக் கொடுத்தவர் கையில் ஓர் எழுத்து ஒப்பந்தம் இருந்தது. தொடக்கத் திகதி இருந்தது, முடிவுத் திகதி இருந்தது, எல்லை இருந்தது, அதை அடகு வைத்து வங்கியில் கடன் வாங்கும் வழி இருந்தது. அதே காணியின் நடுவில் பத்துக்குப் பன்னிரண்டில் இருந்தவர் கையில் என்ன இருந்தது? செக்ரோலில் ஒரு பேர்.

செக்ரோல் பேர் என்றால் என்ன என்று வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். வேலைப் பதிவேட்டில் வீட்டிலிருந்து ஒருவர் பேராவது இருக்க வேண்டும். இருந்தால் காம்பராவைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். என் அம்மாவுக்கு ஐம்பது வயதில் முழங்கால் போய்விட்டது. நாங்கள் மூன்று பிள்ளைகளும் வெளியில் உழைத்தோம். வேலையை விடுங்கள் என்றால் கேட்க மாட்டார். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போவார். நான் ஒருநாள் கோபித்தபோது, “நான் கொழுந்துக்குப் போகலப்பா, காம்பராவுக்குப் போறேன்” என்றார். நான் படித்த எந்தச் சட்டப் புத்தகமும் தோட்டத்து வீட்டு உரிமையை இத்தனை குறைந்த சொல்லில் சொன்னதில்லை.

இன்று லயத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் அல்லர். கொழும்பில் கடை, வெளிநாட்டில் வீட்டுவேலை, நகரத்தில் முச்சக்கர வண்டி, பாடசாலையில் ஆசிரியம். வேலையோடு கட்டிய வீடு, வேலை போனபின்னும் நிற்கிறது. சட்டம் மட்டும் இன்னும் அந்தப் பழைய முடிச்சையே பிடித்துக்கொண்டிருக்கிறது. கம்பனிக்கும் இதில் சங்கடம் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். தன்னிடம் வேலை செய்யாதவர்களின் கூரையைப் பழுது பார்க்க எந்தக் கம்பனி முன்வரும்? கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் கம்பனி அரசைக் காட்டும், அரசு கம்பனியைக் காட்டும். வாடகை வீடாக இருந்தால் சொந்தக்காரர் பழுது பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். சொந்த வீடாக இருந்தால் நாமே பார்த்துக்கொள்வோம். இரண்டும் இல்லாத வீட்டின் கூரை யாருடையது?

இது வெறும் வாதமல்ல. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. கடலுக்கு அப்பால் மூணாற்றுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் 2020 ஓகஸ்ட் 6 ஆம் திகதி இரவு அதே மாதிரி லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேர் மாண்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் மலைகளை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி ஒன்றுதான்: இவர்களை எங்கே குடியேற்றுவது, யார் காணியில்? சொந்தக் காணி உள்ளவர் வேறு காணி கேட்கலாம். அனுமதியில் இருந்தவர் எதை இழந்ததாகக் காட்டுவார்?

நல்லதும் நடந்திருக்கிறது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பது இன்று கனவல்ல. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 4,000 வீடுகள், 2017 மே 12 ஆம் திகதி நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகள், 2018 இல் பெருந்தோட்டப் பிராந்தியப் புதிய கிராமங்கள் அதிகாரசபைக்கான சட்டம், அதே வருடம் பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள்ளும் செலவு செய்ய வழிவிட்ட திருத்தம். அவற்றுக்காக உழைத்தவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள், இன்றைக்கு அரசியல் பேச மாட்டேன். ஆனால் ரிப்பன் வெட்டிச் சாவி கொடுக்கும் படம் பத்திரிகையில் வந்த அளவுக்கு உறுதி கைக்கு வரவில்லை. சாவியைப் பார்த்து மகிழ்ந்துவிடுகிறோம். பூட்டை மாற்றினால் சாவி இரும்புத் துண்டு.

தமிழ்நாட்டுக்குப் போன நம் சொந்தங்களையும் ஒரு நிமிடம் பார்ப்போம். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் போனவர்களுக்காக நீலகிரியில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டம் அமைந்தது. அங்கே வேலை செய்து ஓய்வு பெற்றவர்களைக் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லும் பிரச்சினை வந்தது. கப்பல் ஏறியும் அந்த முடிச்சு அவிழவில்லை. திருநெல்வேலியில் மாஞ்சோலை என்று இன்னொரு தேயிலைத் தோட்டம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பி.பி.டி.சி. கம்பனி 1929 இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை முடிவது 2028 இல். கம்பனி அதற்கும் முன்பே, 2024 நடுவில், விருப்ப ஓய்வு கொடுத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னது. தொழிலாளர்கள் நீதிமன்றம் போனார்கள், வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. ஆனால் தோட்டத்தை டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் வாடகைக்காரர்–சொந்தக்காரர் உறவுக்கு 2017 இல் இயற்றி 2019 இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இருக்கிறதே என்பீர்கள். கம்பனி தன் வேலையாட்களுக்கு வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகக் கொடுத்த வீடு அந்தச் சட்டத்துக்கு வெளியே என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அங்கேயும் லயத்துக் கதவு வரை வந்து சட்டம் திரும்பிவிட்டது.

மாஞ்சோலையை நான் சொன்னது பரிதாபத்துக்காக அல்ல. அங்கே குத்தகை எந்த வருடம் முடியும் என்று 1929 லேயே தெரியும். 95 வருடம் யாரும் குடியிருந்தவர்களைப் பற்றி ஒரு வரி எழுதி வைக்கவில்லை. நம் குத்தகை 2045 ஜூன் மாதம் முடிகிறது. இன்று முதலாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அப்போது இருபத்தைந்தைத் தொட்டிருக்கும். குத்தகை முடிந்தால் காணி அரசிடம் திரும்பும், அல்லது புதிய குத்தகை எழுதுவார்கள். எழுதும் மேசையில் நாம் காணிக்கு உரியவராக உட்காருவோமா, காணியோடு சேர்த்துக் கையளிக்கப்படும் பொருளாக இருப்போமா என்பது அதற்கு முன்னால் தீர்மானமாக வேண்டும். லயமும் அதைச் சுற்றிய நிலமும் குத்தகைக் காணியிலிருந்து அளந்து பிரிக்கப்பட வேண்டும். குடியிருப்பவர் பேரில் உறுதி எழுதப்பட வேண்டும். செக்ரோலில் பேர் இருக்கிறதா என்ற கேள்வி அதில் இருக்கக் கூடாது. கணவன் பேரில் மட்டும் எழுதுவதையும் நான் ஏற்க மாட்டேன். அந்தக் காம்பராவுக்கான வாடகையைக் கொழுந்துக் கூடையில் சுமந்தவள் பெண். உறுதியில் அவள் பேர் இல்லையென்றால் துரைக்குப் பதில் இன்னொரு துரை.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வீடு பற்றி உங்களிடம் இருக்கும் கடதாசி மூன்றில் ஒன்றாக இருக்கும். தோட்ட அலுவலகம் கொடுத்த கடிதம், அரச அனுமதிப் பத்திரம், அல்லது காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதி. மூன்றும் ஒன்றல்ல. கடிதத்தை உறுதி என்று நம்பி இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடதாசியே இல்லாதவர்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் இருக்கும் தோட்டத்துப் பேர், பழைய சம்பளச் சீட்டு, மின்சாரப் பில், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். கூட்டம் முடிந்ததும் நானும் மூன்று இளம் சட்டத்தரணிகளும் மண்டபத்தின் பின்பக்கம் மேசை போட்டு உட்காருவோம், பணம் வேண்டாம். இன்று கையில் எதுவும் கொண்டு வராதவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வரும்போது கடதாசியில் யார் பேர் இருக்கிறது என்று ஒரு தடவை படித்துவிட்டு வாருங்கள்.